நூறு பேர் நிற்கிற அறையில் ராக்

வணக்கம் நேயர்களே. சென்னை ஐஐடியின் சாரங் கலைவிழா மேடையில் ராக் இசை கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்த மாதிரி மேடைக்குப் போகும் முன், புதிதாகச் சேர்ந்த நாலு பேர் ஆள் முன்னால் வாசித்துப் பழக ஓர் இடம் வேண்டும். நூறு பேர் நிற்கிற அறை போதும். ஆனால் நம் ஊரில் அப்படி அறை திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: பாடுகிறவர் குரல் கேட்காது.

காரணம், டிரம்ஸுக்கு வால்யூம் குமிழ் கிடையாது. கான்கிரீட் அறையில் அது இன்னும் மோசம். டிரம்ஸ் சத்தத்துக்கு மேல் கிட்டாரை ஏற்றுவார்கள். உடனே பேஸ் கிட்டாரும் ஏறும். பிறகு குரலை ஏற்றினால், ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து ஊளையிடும். அதனால் முதலில் டிரம்ஸை மட்டும் வாசிக்கவிட்டு, கிட்டாரையும் பேஸையும் அதற்குக் கீழே நிறுத்துங்கள்.

கிட்டார்காரர் ஏன் ஏற்றிக்கொண்டே போகிறார் தெரியுமா? கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி தரையில் இருக்கிறது. சத்தம் அவர் முழங்காலுக்குப் போகிறது, காதுக்குப் போகவில்லை. ஒரு பலமான நாற்காலி மேல் தூக்கி வைத்துப் பாருங்கள், அவரே குறைத்துவிடுவார். இந்த அறைக்கு 15 வாட் வால்வ் ஆம்ப் தாராளம். 100 வாட் வைத்திருப்பவர் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்து மைக். ஷூர் எஸ்எம்58 மாதிரி மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். ஆகவே பாடகர் தன் குரலைக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் நேர் பின்னால் இருக்க வேண்டும். சிலர் ஸ்டைலாக மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொண்டு பாடுவார்கள். பொத்தினால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். ஊளை நிச்சயம்! திட்டு வாங்குவது மட்டும், எல்லாச் சத்தத்தையும் கலந்து கூட்டிக் குறைக்கும் மிக்சரில் இருப்பவர். திரும்பவும் சொல்கிறேன், தலையைப் பொத்தாதீர்கள், தண்டைப் பிடியுங்கள்.

கரண்ட் விஷயம் விளையாட்டல்ல. பழைய கட்டடங்களில் பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. கிட்டார் கம்பியில் கை, மைக்கில் உதடு, சுருக்கென்று அடிக்கும். ஆம்ப், மிக்சர் எல்லாம் ஒரே எர்த்தில் இருக்கட்டும், ஏசிக்குத் தனி லைன். "ங்ங்" என்று இரைச்சல் வருகிறதென்று எர்த் பின்னை உடைப்பவர்கள் உண்டு. உயிர் போகும், வேண்டாம். வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் நடுவில் மாட்டுகிற டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி, அதில் இரைச்சலை நிறுத்துகிற கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டுங்கள்.

அக்கம்பக்கத்தார்? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு 45 டெசிபல். சுவரில் ஒட்டுகிற ஸ்பாஞ்ச் அறையின் எதிரொலியைக் குறைக்கும். பேஸ் போன்ற கனத்த அடிச்சத்தத்தை வெளியே போகாமல் தடுக்காது. கதவடி இடைவெளியை ரப்பரால் அடையுங்கள், டிரம்ஸ் மேடைக்கடியில் கெட்டி ரப்பர் போடுங்கள், ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள்.

டிக்கெட், வருமானம் பற்றிப் பேச நினைத்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்ததென்று கை காட்டுகிறார்கள். இரண்டு விஷயம் மட்டும். டிரம் செட் எல்லா பேண்டுக்கும் பொது; ஸ்நேர் என்ற சின்ன டிரம், சிம்பல் தட்டுகள், கால் பெடல் அவரவர் கொண்டுவரட்டும். நிகழ்ச்சிக்கு முன் சத்தத்தைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்கைத் தலைகீழாக நடத்துங்கள்: கடைசியில் வாசிக்கிறவர்கள் முதலில், முதலில் வாசிக்கிறவர்கள் கடைசியில். அவர்கள் வைத்தது வைத்தபடி நிகழ்ச்சியைத் தொடங்கிவிடலாம். வணக்கம்.