சிறுபான்மை அரசும் ஒரு வாடகைக் கடிதமும்

(கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் வாடகைக் குடியிருப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகரசபை உறுப்பினர் அவர்களே, கட்சிகளின் சார்பில் வந்திருக்கும் பிரதிநிதிகளே, இந்த மண்டபத்தைக் காசு வாங்காமல் தந்த ஆலய அறங்காவலர் சபையினரே, பின்னால் நின்று தேநீர் ஊற்றும் அம்மாமாரே, என் அன்புக்குரிய சனங்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் தொடங்கினால் அது முறையல்ல. எண்பதுகளில் இந்த நகரத்துக்கு வந்து இறங்கிய எத்தனையோ பேருக்கு முதல் வாடகைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்த கை அவருடையது. மாநகரசபை உறுப்பினர் இன்னொரு நிகழ்வை இடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவருக்கும் எங்கள் நன்றி.

இன்று மூன்று விடயம் கதைக்கலாம் என்று வந்தேன். பெரும்பான்மை இல்லாத அரசுகள் மற்றக் கட்சிகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் ஒன்று. எங்கள் வாடகைச் சட்டம் இரண்டாவது. ஒரு காணியில் எத்தனை வீடு கட்டலாம் என்று சொல்லும் மாநகர விதிகள் மூன்றாவது. மூன்றையும் நினைக்கும்போது எனக்கு ஒரே பழமொழிதான் வாயில் வருகிறது: காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.

1975 செப்டம்பரில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் தேர்தல் நடந்தது. பில் டேவிஸின் கன்சர்வேட்டிவ் அரசு பெரும்பான்மையை இழந்து 51 ஆசனங்களோடு நின்றது. ஸ்டீபன் லூயிஸின் என்.டி.பி., அதாவது புதிய ஜனநாயகக் கட்சி, 38 ஆசனங்களோடு எதிர்க்கட்சியானது. அந்தத் தேர்தல் மேடைகளில் லூயிஸ் விடாமல் பேசியது வாடகை உயர்வைத்தான். அந்த ஆண்டு முடியும் முன்பே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் பழமைவாதி டேவிஸ். பத்து வருடம் கழித்து எங்கள் ஆட்கள் வெலஸ்லி வீதியில், செயின்ட் ஜேம்ஸ் டவுண் மாடிக் கட்டடங்களில் ஓர் அறைக்குள் ஏழெட்டுப் பேராகக் குடியேறினார்களே, அந்தக் கட்டடங்களின் வாடகையைப் பிடித்து வைத்திருந்தது அந்தச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடுதான்.

பிறகு 1985 தேர்தல். கன்சர்வேட்டிவ் 52, லிபரல் 48, என்.டி.பி. 25. லிபரல் தலைவர் டேவிட் பீட்டர்சன் ஆட்சியமைப்பதற்காக அவரும் என்.டி.பி. தலைவர் பொப் ரேயும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மந்திரிப் பதவி எதுவும் கைமாறவில்லை. இரண்டு வருடத்துக்கு அரசைக் கவிழ்ப்பதில்லை என்று ஒரு பக்கம், இன்னின்ன சட்டங்களைக் கொண்டுவருவோம் என்று மறுபக்கம். அதில் வாடகைப் பகுதியை எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள்: வாடகைப் பதிவேடு வேண்டும், ஆண்டு உயர்வுக்கு 4% வழிகாட்டி, அதாவது வழமையாக ஏற்றக்கூடிய அளவு, வேண்டும், 1976க்குப் பின் கட்டிய கட்டடங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். எல்லாம் பிடி கொடுக்கும் சொற்கள். 1986இல் புதிய வாடகைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த தேர்தலில் லிபரல் 95 ஆசனங்கள் எடுத்தது, என்.டி.பி. 19க்கு இறங்கியது. ஒப்பந்தத்தால் கட்சிக்கு நட்டம் என்று சிலர் சொல்வார்கள். குடியிருந்தவனுக்கு நட்டமில்லை. காற்றுள்ளபோதே தூற்றினார்கள், நெல்லு எங்கள் வீட்டுக்கு வந்தது.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2017இல் என்.டி.பி. தலைவர் ஜோன் ஹோர்கனும் பசுமைக் கட்சியின் மூன்று உறுப்பினர்களும் சேர்ந்தபோது, வீட்டு ஊக வணிகத்தை அடக்குவோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அடுத்த வருடமே வெறும் வீடுகள் மீது வரி வந்தது. 2019க்கு 4.5% ஏறவேண்டிய வாடகையும் 2.5% ஆனது.

இனி ஓர் அக்காவின் கதை. பெயர் வேண்டாம். இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்கு இது தங்கள் வீட்டுக் கதை மாதிரி இருக்கும்.

அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பழைய மாடிக் கட்டடம் ஒன்றில் 1,400 டொலருக்கு இருந்தவ. லிப்ட் வேலை செய்யாது, சமையலறையில் கரப்பான். மகன் படிக்கிறான், அவனுக்கு ஒரு துப்புரவான இடம் வேண்டுமென்று புதிய கொன்டோ மாடிவீடு ஒன்றுக்கு மாறினா. வாடகை 2,250. வீட்டுக்காரரும் எங்கட தமிழ் ஆள். வீடு குடிபுகுந்தபோது பால் காய்ச்சி அவருக்கும் கொடுத்தவ.

2024இல் ஒருநாள் என்னிடம் ஒரு தாளோடு வந்தா. "தம்பி, இது என்ன கடிதமெண்டு ஒருக்கால் பார். பிள்ளை வாசிச்சவன், எனக்கு நம்பிக்கை இல்லை." பார்த்தேன். அடுத்த மாதங்களில் இருந்து 2,850. அறுநூறு டொலர் கூட. "இந்த வருசம் ரெண்டரை வீதம் தானே எண்டு ரேடியோவில சொன்னவங்கள்?" உண்மைதான். 2024க்கு வழிகாட்டி 2.5%. அந்தக் கணக்கில் ஏறவேண்டியது 56 டொலர்.

தாளின் மேலே "என்2" என்று இருந்தது. அக்கா அதைப் பக்க எண் என்று நினைத்திருந்தா. வழிகாட்டிக்குள் அடங்கும் வீட்டுக்கு வருவது என்1 படிவம். அடங்காத வீட்டுக்குத்தான் என்2. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடிபுகுந்த வீடென்றால் ஒன்ராறியோவில் உயர்வுக்கு உச்சவரம்பே இல்லை. தொண்ணூறு நாள் முன்னறிவித்தல் கொடுத்தால் போதும். கட்டடக் காவலாளியிடம் கேட்டோம். 2020இல் திறந்த கட்டடம்.

வீட்டுக்காரரிடம் போனோம். அவர் கோபப்படவில்லை. "அக்கா, என்ர மோர்கேஜ் எவ்வளவு ஏறியிருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமே? நான் சட்டத்துக்கு மாறா ஒண்டும் செய்யேல்லை" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பழைய கட்டடத்துக்கே திரும்பிப் போகலாம் என்று அக்கா அங்கே கேட்டுப் பார்த்தா. அதே மாடியில் அதே அளவு வீடு, கரப்பானும் அதே கரப்பான், இப்போது 2,300. ஆள் வெளிக்கிட்ட வீட்டுக்கு அடுத்த ஆளிடம் எவ்வளவும் கேட்கலாம். 1998இல் இருந்து சட்டம் அப்படி.

அந்த 2018 விதிவிலக்கு எப்படி வந்தது? 2017இல் கத்தலீன் வின்னின் லிபரல் அரசு எல்லா வீட்டையும் வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பெரும்பான்மை அரசுதான், ஆனால் தேர்தல் ஒரு வருடத்தில் இருந்தது. தேர்தலில் 76 ஆசனங்களோடு வந்த டக் போர்ட்டின் கன்சர்வேட்டிவ் அரசு சில மாதங்களில் புதிய வீடுகளை வெளியே எடுத்தது. வேறு எந்தக் கட்சியிடமும் ஆதரவு கேட்கவேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை.

ஒட்டாவாவில், மத்திய அரசில், 2022 மார்ச்சில் அன்றைய பிரதமர் ட்ரூடோவும் அன்றைய என்.டி.பி. தலைவர் ஜக்மீத் சிங்கும் செய்த ஒப்பந்தத்தை நான் மதிக்கிறேன். அரசு உதவியோடு பல் வைத்தியம் வந்தது. எங்கள் முதியவர்கள் இன்று வாய் திறந்து சிரிக்கிறார்கள். ஆனால் வாடகைக்காரனுக்கு என்ன வந்தது? குறைந்த வருமானக்காரருக்கு ஒருதடவை 500 டொலர். அக்காவின் புதிய உயர்வில் அது ஒரு மாதத்துக்கும் காணாது. வீட்டுச் சந்தை நிதி நிறுவனங்களின் கைக்குப் போவதை 2023 முடிவுக்குள் சமாளிப்போம் என்றும் எழுதினார்கள். எந்தச் சட்டத்தால், எவ்வளவு என்று எழுதவில்லை. வாடகைச் சட்டம் மாகாணத்தின் கையில் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நான் மாகாண சட்டசபை இருக்கும் குயின்ஸ் பார்க்கைப் பார்த்துக் கதைக்கிறேன். 2024 செப்டம்பரில் சிங் ஒப்பந்தத்தை முறித்தார். காற்று நின்றுவிட்டது.

மாநகர விதிகளைப் பற்றி உறுப்பினர் அவர்களே என்னைவிட வடிவாகச் சொல்வார். ஒரு காணியில் நாலு வீடு கட்ட 2023இல் நகரம் அனுமதித்தது நல்ல விடயம். ஆனால் அந்த நாலும் புதிய வீடு. நாலுக்கும் வரப்போவது என்2 கடிதம். கட்டினால் போதும் என்று சொல்கிறவர்கள் இதற்கு மறுமொழி சொல்லட்டும்.

இன்று குயின்ஸ் பார்க்கில் இருப்பது பெரும்பான்மை அரசு. ஆனால் தேர்தல் வரும். எண்ணிக்கை இழுபறியான இரவில் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது. காற்றுள்ளபோதே தூற்றவேண்டுமென்றால் முறம் இப்போதே கையில் இருக்கவேண்டும். இங்கே வந்திருக்கும் கட்சிப் பிரதிநிதிகளிடம் பணிவோடு கேட்கிறேன்: 2018 நவம்பர் 15க்குப் பிந்திய வீடுகளுக்கான விதிவிலக்கை எடுத்துவிடுவோம் என்று உங்கள் கட்சியிடம் இருந்து எழுத்தில் வாங்கித் தாருங்கள். ஆதரவு கேட்டு யார் வந்தாலும் அந்த விதிவிலக்கை எடுப்பதுதான் முதல் நிபந்தனை என்றும் எழுதித் தாருங்கள்.

பின் மேசையில் மாகாண சட்டசபைக்கான மனு இருக்கிறது. கையெழுத்தோடு முழு முகவரியும் தெளிவாக எழுதுங்கள். என்2 கடிதம் வந்தவர்கள் வீட்டுக்குப் போகமுன் என்னைச் சந்தியுங்கள், முதல் ஆள் எப்போது குடிபுகுந்தார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பதென்று சொல்லித் தருகிறேன். நன்றி, வணக்கம்.