சிமுலேட்டருக்கு ஒரு அவ்ரோ

நேயர்களுக்கு வணக்கம். வன்னியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு விமானத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் என்ன பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். யுத்தகாலத்தில் எங்கள் தலைக்கு மேல் வந்த குண்டுவீச்சு, வேவு விமானங்களான சியாமாசெட்டி, சகடை, கிபிர், வண்டு. இரைச்சலைக் கேட்டே இன்னது வருகிறது என்று சொல்லிவிட்டுப் பங்கருக்குள் இறங்கிய சனம் நாங்கள். நான் இன்றைக்குப் பேச வந்தது கொம்பியூட்டரில் ஓட்டுகிற விமானங்களைப் பற்றி. ஃப்ளைட் சிமுலேட்டரில் யாராவது ஒழுங்காகச் செய்து சேர்த்தால் நல்லது என்று நான் ஆசைப்படுகிற இரண்டு மூன்றைப் பற்றி.

மைக்ரோசொஃப்ட் 2020இல் வெளியிட்ட சிமுலேட்டர் பார்க்க அழகுதான். ஆனால் 150 ஜிபி இடம் கேட்கும். டேட்டா போட்டுப் போட்டு இறக்குகிற எங்களுக்கு அது கட்டாது. நான் ஓட்டுவது ஃப்ளைட்கியர் என்கிற சிமுலேட்டர். இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. நேரமும் பொறுமையும் உள்ள எவரும் ஒரு விமானத்தைச் செய்து அதில் சேர்க்கலாம்.

முதல் ஆசை அவ்ரோ 748. இங்கிலாந்தில் 1960 ஜூன் 24இல் முதன்முதல் பறந்தது. பழைய டக்கோட்டா விமானத்தின் இடத்தைப் பிடிப்பதற்கென்றே செய்த விமானம். பக்கத்து இந்தியாவில், கான்பூரிலும் உரிமம் பெற்றுக் கட்டினார்கள். எங்களுக்கு அது ஏயார் சிலோன் நிறுவனம் கொழும்புப் பக்கத்து ரத்மலானைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே ஓட்டிய விமானம். வரைபடத்தில் அந்த இரண்டு இடத்தையும் நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு கட்டுக்கரைக் குளத்துக்கு மேலால் வரும். இடப்பக்கம் மன்னார்த் தீவு, கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் பூநகரி, பிறகு கடனீரேரி, பலாலி. ஏறத்தாழ 330 கிலோமீற்றர். மணிக்கு 450 கிலோமீற்றர் ஓடும் அவ்ரோவுக்கு ஏறி இறங்குவதோடு சேர்த்து ஒரு மணித்தியாலம் போதும்.

அவ்ரோவில் போய்வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைக் கூட்டிவந்து, வேறொரு இரட்டை எஞ்சின் விமானத்தில் இந்தப் பாதையைக் காட்டினேன். குளத்தைக் கண்டு சந்தோஷப்பட்டார். பிறகு, “தம்பி, சத்தம் பிழை. அவ்ரோ உறுமாது, கீச்சிடும்” என்றார். அவர் சொன்னது சரி. அதிலுள்ள ரோல்ஸ் ரொய்ஸ் டார்ட் எஞ்சினின் கீச்சுக்குரல் பேர்போனது. விமானியின் கைக்கும் அந்த எஞ்சின் ஓயாத வேலை வைக்கும். வெளியில் எவ்வளவு வெக்கை என்று பார்த்து எரிபொருள் அளவைத் தனியாகத் திருத்த வேண்டும்; கவனிக்காவிட்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். கடும் வெயிலில் கிளம்ப உந்துவலு போதாவிட்டால், தண்ணீரும் மெதனோலும் கலந்து எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். வெறும் படத்தை ஒட்டிவிட்டு உள்ளே வேறு எஞ்சினை ஓடவிட்டால் அது அவ்ரோ ஆகாது. சாயத்தைப் பிறகு பூசலாம். எஞ்சினைச் சரியாகச் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இரண்டாவது ஆசையான ஏடிஆர் 72ஐப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு வரத் தொடங்கியபோது பலரும் அதில் ஏறியிருப்பீர்கள். தரையில் நிற்கும்போது வலப்பக்கச் சுழலியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரம் எடுக்கிற வசதி அதில் உண்டு. அது நிஜத்தில் போலவே வேலை செய்தால் எனக்குப் போதும்.

மூன்றாவது கொஞ்சம் பேராசை. மிதவை பூட்டிய ட்வின் ஓட்டர், மாலைதீவில் தீவுக்குத் தீவு பறக்கிறதே, அது. நான் கேட்பது இரணைமடுக் குளத்தில் இறக்குவதற்கு. தண்ணீரில் ஓடுபாதை கிடையாது. கச்சான் காற்று வீசினால் தென்மேற்கைப் பார்த்து இறங்கலாம், வாடை என்றால் வடகிழக்கை. ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. சிமுலேட்டரின் குளத்தில் வருஷம் முழுக்க ஒரே தண்ணீர். ஆவணியில் நாங்கள் மாடு மேய்க்கிற இடத்திலும் அது அலையடித்துக்கொண்டிருக்கும்! ஆகவே விமானத்தோடு மாரிக்கொரு குளம், கோடைக்கொரு குளம் என்று செய்துதந்தால் இன்னும் நல்லது.

என்னிடம் பழக வரும் பெடியள் கேட்பதெல்லாம் கிபிர். அவர்களுக்கு அது வேகமான விமானம், அவ்வளவுதான். நான் தடுப்பதில்லை. முதலில் செஸ்னா 172ஐக் காற்றுக்கு எதிராக ஒழுங்காக இறக்கிக் காட்டுங்கள் என்பேன். பாதிப்பேர் அதோடு கிபிரை மறந்துவிடுகிறார்கள்.

அவ்ரோவைச் செய்யக் கை இருக்கிறது, ஆதாரம்தான் போதவில்லை. இடம்பெயர்ந்தபோது எங்கள் வீடுகளிலிருந்த படங்கள் போய்விட்டன. வெளிநாட்டிலிருக்கும் உங்கள் அண்ணன்மார், மாமாமாரிடம் கேட்டுப் பாருங்கள். ஏயார் சிலோன் அவ்ரோவுக்குள் எடுத்த படம், படியில் நின்று எடுத்த படம், எஞ்சின் சத்தம் விழுந்த பழைய கசெட், எதுவானாலும் சரி. அசலைத் தரவேண்டாம், ஃபோனில் ஒரு பிரதி எடுத்து இந்த வானொலி நிலையத்துக்கு அனுப்பினால் என்னிடம் சேர்ப்பார்கள். கலர்ப் படமாக இருந்தால் கட்டாயம் அனுப்புங்கள். நான் பார்த்ததெல்லாம் கறுப்பு வெள்ளை, இருக்கைத் துணி என்ன நிறம் என்று பிடிபடவே இல்லை.