சந்தேகங்களுக்கு விளக்கம்: கூடுதல் சேமிப்பிடத்துடன் மீன்தொட்டி ஸ்டாண்டு செய்ய நடுக்காலை எடுத்துவிடலாமா?

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பதில் சொல்ல நினைக்கிறேன். நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "என்னிடம் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட சட்டமில்லாத கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதற்கு மரத்தில் நானே ஸ்டாண்டு செய்ய விரும்புகிறேன். கீழே கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும், மூடிய டப்பா போன்ற வடிகட்டி), வாளி, குழாய், தீவனம், மருந்துகள் எல்லாம் வைக்க இடம் வேண்டும். இரண்டு இழுப்பறைகளும் வேண்டும். நடுவில் கால் இருந்தால் இடைஞ்சலாக இருக்கிறது, அதை எடுத்துவிடலாமா? வீட்டில் மீதமிருக்கும் பார்ட்டிகிள் போர்டை (மரத்துகள்களைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) பயன்படுத்தலாமா? தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் வைக்க வேண்டுமா?"

முதலில் எடையைக் கணக்கிட்டுவிடுவோம், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா முடிவுகளும் அதைப் பொறுத்தவை. உங்கள் தொட்டி ஏறத்தாழ 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். பெருக்கினால் 243 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டும் 243 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை கொண்டது; உங்கள் தொட்டியில் சுமார் 2 சதுர மீட்டர் கண்ணாடி இருப்பதால் அது 50 கிலோ ஆகிறது. அடியில் 5 செ.மீ. கனத்துக்குச் சரளை பரப்பினால் இன்னும் 40 கிலோ. விளிம்பு வரை யாரும் தண்ணீர் நிரப்புவதில்லை, சரளையும் தண்ணீரின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பாறைத் துண்டுகளும் மூடியும் விளக்கும் அந்தக் குறைவை ஈடுகட்டிவிடும். ஆகவே 330 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பாரம் பகலிலும் இரவிலும் பல ஆண்டுகளுக்கு இறங்காமல் ஸ்டாண்டின் மேல் இருக்கப்போகிறது. புத்தக அலமாரி செய்த அனுபவத்தை மட்டும் நம்பி இதில் இறங்குபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஸ்டாண்டு செய்பவர்கள் பலர் முதலில் ஓர் அலமாரியை வரைகிறார்கள், பிறகு அதன் தலையில் தொட்டியை ஏற்றுகிறார்கள். நான் சொல்லும் முறை தலைகீழானது. பாரம் தாங்கும் சட்டகத்தைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள். கதவு, நிலைத்தட்டு, இழுப்பறை ஆகியவற்றைப் பிறகு அதற்குள் செருகுங்கள். இவற்றை எல்லாம் நாளைக்கே கழற்றி எறிந்தாலும் தொட்டி இருந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். சேமிப்பிடத்தைப் பற்றிய உங்கள் ஆசைகளுக்கு அதன்பின் தாராளமாக இடம் கொடுக்கலாம். இதற்கு ஒரே விதிவிலக்கு பின்பக்கப் பலகை, அதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

இப்போது நடுக்காலுக்கு வருவோம். மேல்சட்டத்தின் முன்பக்கக் கட்டை, மொத்தப் பாரத்தில் பாதியை, அதாவது சுமார் 165 கிலோவைச் சுமக்கிறது. 40 மி.மீ. கனமும் 90 மி.மீ. உயரமும் கொண்ட பைன் போன்ற மென்மரக் கட்டையை இரு முனைகளில் மட்டும் தாங்கி நிறுத்தினால், கணக்குப்படி அது நடுவில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தொய்யும். இது முதல் நாள் கணக்குதான். நீண்ட காலம் பாரம் சுமக்கும் மரம் மெல்ல மெல்ல இன்னும் இறங்கும் இயல்புடையது. ஒன்றரை மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். மரத்துக்கு அது ஒன்றுமில்லை, ஆனால் கண்ணாடிக்கு அப்படி இல்லை. 45 செ.மீ. உயரமுள்ள முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் தாங்களே விறைப்பான உத்திரங்களைப் போல நடந்துகொள்பவை. கீழே இருக்கும் கட்டை வளைந்தால் அவை கூடவே வளைந்து கொடுக்காமல், நடுப்பகுதியில் அந்தரத்தில் நின்றுவிட்டுப் பாரத்தை எல்லாம் இரண்டு ஓரங்களுக்குத் தள்ளிவிடும். அப்போது மூலைகளில் உள்ள சிலிக்கோன் பசையும் அடிக்கண்ணாடியும் எதிர்பாராத அழுத்தத்துக்கு உள்ளாகின்றன.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டையின் உயரத்தைக் கூட்டுவது. கட்டையின் கனத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்குதான் கூடும். உயரத்தை இரட்டித்தாலோ எட்டு மடங்கு கூடும். அதனால்தான் கட்டையை எப்போதும் நெட்டுக்குத்தாக நிறுத்தி வைக்கச் சொல்கிறோம். 90 மி.மீ. உயரத்துக்குப் பதிலாக 140 மி.மீ. உயரமுள்ள கட்டையைப் போட்டால் தொய்வு சுமார் 0.4 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும், நடுக்காலும் தேவைப்படாது. ஆனால் அந்தக் கூடுதல் 5 செ.மீ. உங்கள் கதவுத் திறப்பின் உயரத்திலிருந்து கழியும். ஸ்டாண்டின் உயரம் 75 செ.மீ. என்றால், அடிப்பீடத்தையும் தளப்பலகையையும் மேல்கட்டையையும் கழித்தபின் உங்களுக்குக் கிடைப்பது 50 செ.மீ. அளவுதான். பெரிய கேனிஸ்டர் ஃபில்டர்கள் 40 முதல் 45 செ.மீ. உயரம் வரை இருக்கின்றன. அதன் தலையைக் கழற்றவும் குழாய் மடங்காமல் வளையவும் மேலே இடம் வேண்டும். எனவே கழுவ வேண்டிய ஒவ்வொரு முறையும் ஃபில்டரை முழுவதுமாக வெளியே இழுக்க வேண்டியிருக்கும், அதற்கேற்ற நீளத்தில் குழாயை விட்டுவைக்கவும் வேண்டும்.

இரண்டாவது வழி, காலை எடுக்காமல் அதை நகர்த்துவது. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். நடுக்கால் சரியாக நடுவில்தான் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 120 செ.மீ. நீளத்தை 75, 45 என்று பிரித்து அந்த இடத்தில் காலை நிறுத்துங்கள். 75 செ.மீ. இடைவெளிக்கு அதே 90 மி.மீ. கட்டையின் தொய்வு கால் மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். பெரிய அறையில் ஃபில்டரும் வாளியும் பக்கத்தில் பக்கத்தில் தாராளமாக நிற்கும். சிறிய அறையில் உங்கள் இரண்டு இழுப்பறைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துவிடலாம், அவற்றின் தண்டவாளங்களைப் பொருத்துவதற்கு அந்தக் காலும் ஒரு தடுப்புப் பலகையும் வசதியாகவே அமையும். இடைஞ்சல் என்று நீங்கள் நினைத்த கால், இழுப்பறைக்கு ஒரு பக்கச் சுவராகிவிடுகிறது. பின்பக்கத்திலும் அதே கோட்டில் ஒரு காலை நிறுத்த மறந்துவிடாதீர்கள். முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் பின்பக்கத்தை விட்டுவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கால்களைப் பொருத்தும் முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மேல்கட்டை காலின் தலை மீது உட்கார வேண்டும். காலின் பக்கவாட்டில் கட்டையை ஒட்டவைத்துத் திருகுகளால் முடுக்கினால், அந்த 330 கிலோவையும் சில திருகுகளின் கழுத்துதான் சுமக்கிறது. மரம் மரத்தின் மேல் உட்கார்ந்தால் திருகுக்கு வேலையே இல்லை. அது கட்டைகளை நகராமல் பிடித்துக்கொண்டால் போதும். 40க்கு 90 மி.மீ. அளவுள்ள குட்டையான மரக்கால், நெடுக்குவாக்கில் அழுத்தும்போது சில டன் எடையைக்கூடத் தாங்கிவிடும். ஆகவே கால்களைத் தூண் போலப் பருமனாக்கி மரத்தை வீணாக்காதீர்கள்.

ஸ்டாண்டு விழுவதென்றால் பெரும்பாலும் பக்கவாட்டில் சாய்ந்துதான் விழும். நான்கு கட்டைகளால் ஆன செவ்வகம் எவ்வளவு உறுதியாகத் திருகப்பட்டிருந்தாலும், யாராவது ஓரத்தில் இடித்தால் இணைகரமாகச் சரியப் பார்க்கும். நான் முன்பு விதிவிலக்கு என்று சொன்ன பின்பலகைக்கு இங்கேதான் வேலை. 9 அல்லது 12 மி.மீ. ப்ளைவுட்டைப் பின்பக்கம் முழுவதும் பசையிட்டு, சுற்றிலும் திருகுகளால் முடுக்கிவிட்டால் அந்தச் சரிவு அடியோடு நின்றுவிடும். இரு பக்கங்களிலும் அதேபோல் பலகை அடித்தால் முன்பின் ஆட்டமும் நிற்கும். குழாய்களும் வயர்களும் போவதற்காகப் பின்பலகையில் துளைகள் போடலாம். அவை வட்டமாகவும் மூலைகளிலிருந்து தள்ளியும் இருக்கட்டும். குழாய் போட வசதி என்று பின்பக்கத்தை முழுவதுமாகத் திறந்துவிடுவதாக இருந்தால், அதற்கு ஈடாக மூலைவிட்டத்தில் குறுக்குச் சட்டம் கட்டாயம் வேண்டும்.

பார்ட்டிகிள் போர்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உலர்ந்திருக்கும் வரை அதுவும் பாரம் தாங்கும்தான், ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிப் பெருத்து உதிர்ந்துவிடும், காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. மீன்தொட்டிக்குக் கீழே தண்ணீர் சிந்தாத வீடு எங்கும் இல்லை. நானே என் முதல் ஸ்டாண்டின் தளப்பலகைக்கு அதைப் பயன்படுத்தி, ஃபில்டர் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்த நீரால் ஒரே மாதத்தில் பலகை மேடு தட்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன். நீர் தாங்கும் பசையால் ஒட்டப்பட்ட 18 மி.மீ. ப்ளைவுட்டைத் தளத்துக்கும் மேல்பலகைக்கும் பயன்படுத்துங்கள். ப்ளைவுட்டின் முகத்தைவிட வெட்டப்பட்ட விளிம்புதான் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் என்பதால், வார்னிஷ் அடிக்கும்போது விளிம்புகளுக்கு மட்டும் இரண்டு மூன்று பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். ஸ்டாண்டின் அடிப்பகுதி தரையிலிருந்து சிறிது உயர்ந்திருந்தால் தரை துடைக்கும் நீரும் ஏறாது.

சேமிப்பிடத்தில் என்ன வைக்கலாம் என்பதிலும் கவனம் வேண்டும். மூடிய அந்த அறையில் ஈரப்பதம் எப்போதும் சற்று அதிகமாகவே இருக்கும். மீன் தீவனத்தில் உள்ள வைட்டமின்கள், குறிப்பாக வைட்டமின் சி, ஈரத்திலும் வெப்பத்திலும் சீக்கிரம் சிதைந்துவிடும், பூஞ்சையும் பிடிக்கும். எனவே தீவனத்தை இறுக மூடும் டப்பாவில் போட்டு, ஃபில்டர் இருக்கும் அறையில் வைக்காமல் இழுப்பறையில் வையுங்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கரைசல்களும் மருந்துகளும் மேல் இழுப்பறையில் இருக்கட்டும்; அதுவும் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரம்தான் என்பதால் ஒரு பூட்டும் போடுங்கள். ஃபில்டருக்கு அடியில் விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்தால் கசிவு உடனே கண்ணில் படும். பின்பலகையின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் காற்றுத் துளைகள் இருந்தால் உள்ளே புழுங்காது.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தளத்தில் கிடத்தாதீர்கள். இழுப்பறைப் பக்கத்துத் தடுப்புச் சுவரில், உயரத்தில் திருகி மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் ப்ளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி வளைந்து பிறகு மேலேறி ப்ளக்கை அடைய வேண்டும். வயரின் வழியே வடிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்சாரத்திலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இல்லாத இணைப்பில் மீன்தொட்டிக் கருவிகளை இயக்காமல் இருப்பது நல்லது.

தெர்மாகோல் கேள்விக்கு வருகிறேன். உங்களுடையது அடிக்கண்ணாடி முழுவதும் பலகையில் படியும், சட்டமில்லாத தொட்டி என்பதால் 5 முதல் 10 மி.மீ. கனத்தில் தெர்மாகோலோ அடர்த்தியான ஃபோம் விரிப்போ வைப்பது சரியே. பலகையில் கிடக்கும் ஒரு சரளைத் துண்டோ, சற்றே எழும்பி நிற்கும் திருகுத் தலையோ கண்ணாடியை ஒரே புள்ளியில் அழுத்திக் கீறல் விடச் செய்யும். விரிப்பு அதைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிகளுக்கு இது கூடாது. அவை சட்டத்தின் விளிம்பில் மட்டும் நிற்கும்படி செய்யப்பட்டவை, நடுவில் விரிப்பு முட்டினால் அடிக்கண்ணாடிக்கு ஆபத்து. ஸ்டாண்டின் சாய்வையோ தொய்வையோ எந்தத் தெர்மாகோலும் சரிசெய்யாது. சாய்வு இருந்தால் தரைக்கும் ஸ்டாண்டின் காலுக்கும் இடையில் ஆப்பு வையுங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் இடையில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

ஸ்டாண்டை அதன் இடத்தில் நிறுத்தி, ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் குறுக்காகவும் பார்த்த பிறகு தொட்டியை ஏற்றுங்கள். முதலில் கால்வாசி, பிறகு பாதி, பிறகு முழுவதும் என்று நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் விடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டத்துக்கும் கண்ணாடியின் மேல்விளிம்புக்கும் உள்ள இடைவெளியை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதி வையுங்கள். தொட்டித் தண்ணீரைவிடத் துல்லியமான மட்டம் வேறு கிடையாது. ஒரு மூலையில் அளவு வேறுபட்டால், தண்ணீரை வெளியேற்றிவிட்டு ஆப்பைச் சரிசெய்யுங்கள். நிரம்பிய தொட்டியோடு ஸ்டாண்டை நெம்பும் வேலை வேண்டாம்.

இழுப்பறைகளைப் பொறுத்தவரை, மேல்கட்டைக்கும் மேல் இழுப்பறைக்கும் இடையில் குறைந்தது 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். நான் ஒருமுறை அழகு கருதி 1 மி.மீ. மட்டும் விட்டு, தண்ணீர் நிரப்பிய அன்று மாலையே இழுப்பறை திறக்காமல் மாட்டிக்கொண்டது; உள்ளே இருந்ததோ மீன்களுக்கான தீவனம். தொட்டி நிரம்பி ஒரு வாரம் கழிந்து, மரம் தன் இடத்தில் படிந்த பிறகு கதவுகளின் கீல்களையும் இழுப்பறைகளின் முகப்புப் பலகைகளையும் இறுதியாக முடுக்குங்கள்.