சாயங்காலக் கூலி

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையில் விடிந்ததும் முச்சந்திகளில் கொத்தனாரும் சித்தாளும் தூக்குவாளியோடு நிற்பார்கள். வெயில் ஏறியும் யாரும் கூப்பிடாத ஆளின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். வேதாகமத்தில் மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமை அந்த முகத்தைப் பற்றியதுதான்.

திராட்சத்தோட்டத்து எஜமான் ஐந்து தடவை ஆள் கூப்பிடுகிறார். விடியற்காலை, காலை 9 மணி, பகல் 12, பிற்பகல் 3, கடைசியாக மாலை 5. விடியலில் வந்தவர்களிடம் 'நாளுக்கு ஒரு பணம்', அதாவது அந்தக் காலத்து ஒரு வெள்ளிக்காசு, என்று பேசி முடித்தாயிற்று. சாயங்காலம் அதே ஒரு பணம் கைக்கு வருகிறது. பிறகு ஏன் முறுமுறுத்தார்கள்?

கூலி கொடுத்த வரிசையைப் பாருங்கள். பிந்தி வந்தவர்களிடமிருந்து தொடங்கச் சொல்கிறார் எஜமான். முந்தினவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால், காசை முடிந்துகொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரு மணி நேரம் வேலை செய்தவன் கையில் ஒரு பணம் விழுந்ததைப் பார்த்ததும், 'அப்படியானால் நமக்கு அதிகம்' என்று மனக்கணக்கு ஓடிவிட்டது. பேசாத கூலியை எதிர்பார்த்துவிட்டு, அது வரவில்லை என்று மனம் நொந்தார்கள்.

அவர்கள் சொன்ன வார்த்தையும் கவனிக்க வேண்டியது. 'எங்களுக்குக் குறைத்துவிட்டீர்' என்று கேட்கவில்லை. 'எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே' என்றார்கள். நாற்பது வருஷம் ஆலயத்துக்கு வந்தவருக்கு, மரணப்படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றவரை நினைத்தால் உறுத்துவதும் இந்தச் சமம்தான்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். நாள் கூலி 600 ரூபாய், வேலை 12 மணி நேரம் என்று வையுங்கள். ஐந்து மணிக்கு வந்தவனுக்கு நியாயப்படி 50 ரூபாய். அதில் வீட்டில் உலை கொதிக்குமா? எஜமான் பார்த்தது அந்த உலையை.

முறுமுறுப்பு எழும்பினால், காலையில் தேவன் எனக்கு என்ன வாக்குக் கொடுத்தார், அதில் எது குறைந்தது என்று முதலில் கேளுங்கள். பிறகு அதை அவரிடமே சொல்லுங்கள். வேதாகமத்தின் சங்கீதங்களைப் பாடியவர்கள் அழுது முறையிட்டதும் அவரிடம்தான். பக்கத்து வீட்டுத் திண்ணையில் சொல்லும்போதுதான் அது புளிக்கிறது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். செய்த வேலைக்குக் கூலி வராமல் நிற்கிறவரிடம் இந்த உவமையைச் சொல்லி வாயடைக்காதீர்கள். இந்த எஜமான் பேசிய கூலியைப் பேசியபடி, அன்று மாலையே கொடுத்தவர். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று சொல்லும் வேதவசனம் யாக்கோபு 5:4 இருக்கிறது. அதை, கூலி கொடுக்க வேண்டியவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.