கை வழியாக இதயத்துக்கு ஒரு குழாய்

இராமநாதபுரம் கடற்கரை நேயர்களுக்கு வணக்கம். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ். "மேல்கையில நீளமா ஒரு டியூப் போட்டிருக்கீங்களே சிஸ்டர், அது எதுக்கு?" என்று தொண்டியிலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்பார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அதற்குப் பிக் லைன் என்று பெயர். முழங்கைக்கு மேலே உள்பக்கமாக ஓடும் ரத்தக்குழாயில், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நுழைப்பார்கள். நுனி இதயத்தின் வாசல்வரை போய் நிற்கும். வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றவும் கீமோ கொடுக்கவும் இதுதான் வசதி. கை வழியே இதயத்துக்குப் போவது பழைய பாதைதான். 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர் தன் கையிலேயே குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே அறைவரை நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டார். 1956-இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

சரி, நுனிதான் அங்கே இருக்கிறதே, அழுத்தத்தையும் அளந்துவிடலாமா? அளக்கலாம். உடம்பைச் சுற்றிவிட்டு இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தின் அழுத்தத்தைச் சிவிபி என்போம். சாதாரணமாக 2 முதல் 8 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும். பிக் லைன் ஏற்கெனவே இருப்பவருக்கு இந்த ஓர் எண்ணுக்காகக் கழுத்தில் தனியாக ஒரு குழாய் போட இன்னொரு குத்து வேண்டாம் என்பேன்.

இவ்வளவு மெல்லிய டியூப் சரியாகக் காட்டுமா என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே உண்டு. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியோ நீளமோ, உள்ளே தண்ணீர் ஓடாமல் நிற்கும்வரை இரண்டு முனையிலும் மட்டம் ஒன்றுதான். ஓடினால்தான் கணக்கு மாறும். ஒரே பிக் லைனுக்குள் தனித்தனிப் பாதைகள் இருக்கலாம். அளக்கும் பாதையில் அந்த நேரம் மருந்து ஓடக் கூடாது. பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து ஓடுகிறதென்றால் அதை நிறுத்தவும் கூடாது. வேறு பாதையில்தான் அளக்க வேண்டும். பாதை அடைக்காமலிருக்கச் சலைன் மட்டும் மிக மெதுவாகக் கசியும். நுனியில் வால்வு வைத்த வகை இந்த வேலைக்கு ஆகாது.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது உயரத்துக்குத்தான். அழுத்தத்தை வாங்கும் டிரான்ஸ்டியூசரை இதயத்தின் மட்டத்தில், அதாவது மார்பின் பக்கவாட்டில் நான்காவது விலா இடைவெளிக்கு நேராக வைப்போம். அது 10 சென்டிமீட்டர் இறங்கிவிட்டால் மானிட்டரில் எண் 7 கூடிவிடும். 5 காட்ட வேண்டிய இடத்தில் 12 காட்டும். மீன் முள் குத்திக் கால் சீழ் வைத்து, கிருமி ரத்தத்தில் பரவிய நிலையில் வருகிற மீனவரை யோசித்துப் பாருங்கள். அவருக்குத் தேவை சலைன். பொய்யான 12-ஐ நம்பினால், உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறதென்று நினைத்துச் சலைனைக் குறைத்துவிடுவோம். அதனால்தான் கட்டிலை ஏற்றி இறக்கினால் மறுபடி மட்டம் பார்க்கிறோம். அய்யாவுக்கு மூச்சு முட்டுகிறதே என்று நீங்களாகக் கட்டிலைத் திருகாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள்.

மட்டம் சரியாகவே இருந்தாலும் ஒரே ஓர் எண்ணை வைத்து இன்னும் சலைன் வேண்டுமா என்று முடிவு செய்ய முடியாது. நேரத்துக்கு நேரம் அது எப்படி மாறுகிறது, சிறுநீர் எவ்வளவு போகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறதா என்றெல்லாம் சேர்த்துத்தான் மருத்துவர் பார்ப்பார். "நம்பர் என்ன சிஸ்டர்?" என்று கேட்கும்போது நாங்கள் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

அப்புறம், லைன் போட்ட கை வீங்கினாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ உடனே சொல்லுங்கள். மதுரைக்கு மாற்றும்போது ஆம்புலன்ஸில் அந்த டியூப் இழுபடாமல் ஒருவர் கவனித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் லைன் போடும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். பிக் லைன் இருந்த ரத்தக்குழாய் அடைத்துப்போகலாம். நாளைக்கு டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா வைக்க, அதாவது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை அறுவை செய்து இணைக்க, அதே கை தேவைப்படும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடுதல் என்று எப்போதாவது யாராவது சொல்லியிருந்தால், அந்தப் பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.