பிணை நிற்பவர் யார்?

அவைத்தலைவர் அவர்களே, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் மாலை நெரிசலையும் மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே,

ராபர்ட் டவுனி ஜூனியரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இரும்புக் கவசம் அணிந்து பறக்கும் நாயகனாக நம் பிள்ளைகள் அறிந்த அந்த நடிகர், 1996-இல் போதை மயக்கத்தில் கலிபோர்னியாவின் மாலிபுவில் அண்டை வீட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்த சிறுவனின் கட்டிலில் படுத்து உறங்கிப்போனார். சாப்ளினாக நடித்து ஆஸ்கார் பரிந்துரை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

புகழ்தான் அவரைக் கெடுத்தது என்று சொல்வது எளிது. நான் அதை முழுமையாக ஏற்பதில்லை. ஆறு வயதில் அவருக்குக் கஞ்சா கொடுத்தவர் பெற்ற தந்தையே. அந்த வயதில் புகழேது? புகழ் செய்த தீங்கு, விழுந்தவரை எழவிடாமல் மேடையேற்றியதுதான். போதை வழக்கில் ஏறத்தாழ ஓராண்டுச் சிறைவாசம் முடிந்து 2000 ஆகஸ்டில் வெளியே வந்தவருக்கு உடனே ஒரு தொலைக்காட்சித் தொடர். நவம்பரில் மீண்டும் கைது. அந்த வழக்கு நிலுவையில் இருக்கும்போதே ஜனவரியில் கோல்டன் குளோப் விருது. ஏப்ரலில் மறுபடியும் கைது, அதோடு வேலையும் போயிற்று.

அதன்பின் நடந்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். முதன்மை நடிகர் பாதியில் வராமற்போனால் படமே முடங்கிவிடும் என்பதால், காப்பீடு கிடைக்காத நடிகரை ஹாலிவுட்டில் எளிதில் ஒப்பந்தம் செய்யமாட்டார்கள். ஒரு படத்துக்கு அந்தக் காப்பீட்டுக் கட்டணத்தைத் தம் பணத்திலிருந்து கட்டி அவருக்குப் பிணை நின்றவர், சக நடிகர் மெல் கிப்சன். 2003-இல் வெளிவந்த மற்றொரு படத்துக்கோ, படப்பிடிப்பு முடியும்வரை ஊதியத்தில் 40 விழுக்காட்டைத் தயாரிப்பாளர் நிறுத்திவைத்தார். இதை அவமதிப்பு என்பாரும் உண்டு. எனக்கோ, இத்தனை ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த முதல் நேர்மையான ஒப்பந்தமாக அது தோன்றுகிறது. 2008-இல் இரும்பு நாயகன், 2024-இல் ஆஸ்கார்: மற்றவை நீங்கள் அறிந்தவையே.

ஆயினும் 'வென்றுவிட்டார்' என்ற சொல்லை நான் ஆளமாட்டேன். 2013-இல் மாலிபுவிலிருந்த தம் வீட்டையே போதையிலிருந்து மீள்வோர் தங்கும் இல்லமாக்கிய நடிகர் மேத்யூ பெர்ரி, பத்தாண்டு கழித்துக் கெட்டமைன் என்னும் மயக்க மருந்தால் உயிரிழந்தார்.

நம் நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம், போதைக்கு அடிமையானவரை இரண்டாண்டு மறுவாழ்வு மையத்திலும் அடுத்த இரண்டாண்டு கண்காணிப்பிலும் வைக்க வழிவகுத்தது. அதற்குப் பின் அவருக்கு யார் வேலை கொடுப்பது? நானறிந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர், மையத்திலிருந்து திரும்பிய தம்பி ஒருவனைச் சேர்த்துக்கொண்ட நாளில் நானும் அங்கிருந்தேன். "காலையில ஆறு மணிக்கு வந்துடணும். கல்லாப் பக்கம் வராத. சம்பளத்துல பாதிய அம்மாகிட்ட குடுத்துடுறேன், சம்மதமா?" என்றார். அவன் பதில் சொல்லாமல் வெங்காயக் கூடையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஓராண்டுக்குப் பின் போனபோதும் கல்லாவில் முதலாளிதான் உட்கார்ந்திருந்தார். கடையின் பின்கதவுச் சாவி மட்டும் அவன் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.