வாசலிலிருந்து லிஃப்ட் வரை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குடும்பத்தோடு பனிச்சறுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் தங்குவதற்குக் காண்டோ வீட்டை, அதாவது வாடகைக்கு விடுகிற அடுக்குமாடிக் குடியிருப்பு வீட்டை, எப்படிப் பார்த்து எடுப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பதினைந்து வருடமாக இது என் பொறுப்பு. பிள்ளைகள் என் இடுப்பு உயரம் இருந்தபோது தொடங்கியது, இப்போது இருவரும் என்னைவிட உயரம். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகப் புரிந்தது ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பார்த்து வீடு எடுக்காதீர்கள். கணப்பு, ஜன்னலில் தெரிகிற மலை, மடிப்புக் கலையாத படுக்கை, எல்லாம் அழகுதான். ஆனால் அந்த ஒரு வாரம் நன்றாகப் போகுமா போகாதா என்பது வாசலிலிருந்து லிஃப்ட் வரை உள்ள நடையில் இருக்கிறது. லிஃப்ட் என்றால் மலைமேல் ஏற்றிவிடுகிற நாற்காலி லிஃப்ட்டைச் சொல்கிறேன். கட்டடத்துக்குள் மாடி ஏறுகிற லிஃப்ட் வேறு, அதற்கும் வருகிறேன்.

ஒரு வருடம் நாங்கள் எடுத்த வீட்டின் விளம்பரத்தில் ‘லிஃப்ட்டுக்கு ஐந்து நிமிட நடை’ என்று போட்டிருந்தார்கள். பொய் இல்லை. போய்ச் சேர்ந்த அன்று மாலை சாதாரணக் காலணியோடு, கையை வீசிக்கொண்டு நடந்து பார்த்தேன், ஐந்து நிமிடம்தான். அப்போது பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு ஆறு வயது. மறுநாள் காலையில் எல்லோர் காலிலும் ஸ்கீ பூட்ஸ், பனிச்சறுக்குக்கான கெட்டியான பிளாஸ்டிக் காலணி. போட்டு நடந்தவர்களுக்குத் தெரியும், அதில் கணுக்கால் மடங்காது. பெரியவர்களின் பூட்ஸ் ஜோடி நான்கு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ஸ்கீ கட்டைகள், பூட்ஸை மாட்டுகிற பிணைப்போடு சேர்ந்து ஐந்து ஆறு கிலோ. என் தோளில் என்னுடையதும் பெண்ணுடையதும், கையில் இருவரின் கோல்கள்.

வழியில் ஓர் இரும்புப் படிக்கட்டு. பனி தேங்காமல் கீழே விழுந்துவிட வேண்டும் என்று அந்த ஊர்களில் படிகளைக் கம்பி வலை மாதிரி செய்திருப்பார்கள். அதில் பிளாஸ்டிக் பூட்ஸோடு இறங்கும்போது ஆறு வயதுக் குழந்தைக்குக் காலடியில் ஆழம் தெரியும். அவள் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பயத்தில் ஒரு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டாள். ஈரக்கையோடு இழுத்ததால் உள்துணி விரல்களோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பெற்றோர்களே, அந்த உள்துணியைத் திரும்ப உள்ளே தள்ளியிருக்கிறீர்களா? கட்டைவிரல் போனால் சுண்டுவிரல் வெளியே வரும். குழந்தை அழுகிறது, விரல் சிவந்துபோகிறது, பின்னால் இறங்குகிறவர்கள் காத்து நிற்கிறார்கள். நாங்கள் கீழே போய்ச் சேர்ந்தபோது வீட்டைவிட்டுக் கிளம்பி முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அவளுடைய பயிற்சி வகுப்பு ஆசிரியரோடு மலைமேல் போய்விட்டது. அன்று முழுவதும் அவள் ஸ்கீயைத் தொடவே இல்லை. சாயங்காலம் அதே படிகளில் ஏற வேண்டும்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், வாசலிலிருந்து லிஃப்ட் வரை. வீட்டுக்காரரிடம் ‘எவ்வளவு தூரம்’ என்று கேட்காதீர்கள். ‘ஆறு வயதுக் குழந்தை ஸ்கீ பூட்ஸோடு நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும், வழியில் படி எத்தனை’ என்று கேளுங்கள். அந்த வழியில் நடந்தவர் உடனே பதில் சொல்வார். நடக்காதவர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்வார், அது பேச்சிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. எந்த லிஃப்ட் என்பதும் முக்கியம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நீங்கள் தினமும் போகப்போவது பயிற்சிப் பள்ளி கூடுகிற இடத்துக்கு. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற லிஃப்ட் தேர்ந்தவர்களுக்கான சரிவில் கொண்டுபோய் விடுவதாக இருந்தால், பக்கத்தில் இருந்து என்ன பயன்? ‘வாசலிலிருந்தே சறுக்கிப் போய், வாசலுக்கே சறுக்கி வரலாம்’ என்று எழுதியிருந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். போவது மட்டுமா, திரும்பி வருவதும் உண்டா? அந்தச் சரிவு புதிதாகக் கற்பவர் இறங்கக்கூடியதா? சீசன் தொடக்கத்திலும் முடிவிலும் மலையின் கீழ்ப்பகுதியில் பனி குறைந்துவிடும், வாசல் வரை சறுக்க முடியாது. அதையும் மனதில் வையுங்கள்.

தூரமாக இருந்தால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பிரெக்கன்ரிட்ஜ், பார்க் சிட்டி போன்ற ஊர்களில் இலவசப் பேருந்து ஓடுகிறது. நிறுத்தம் வாசலுக்கு எதிரிலேயே இருந்தால், மலையடிவாரத்து வீட்டைவிட அது நல்லது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் லாக்கர் வாடகைக்குக் கிடைத்தால் கட்டைகளை இரவு அங்கேயே விட்டுவிடலாம். அந்தப் படிக்கட்டுச் சம்பவத்துக்கு அடுத்த நாளே நாங்கள் அதைத்தான் செய்தோம், மீதி வாரம் பிழைத்தது.

சரி, கட்டடத்து லிஃப்ட். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால் அதையும் நடையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம் ஈரம். நான்கு பேர் என்றால் எட்டு பூட்ஸ், எட்டு கையுறை, நான்கு ஹெல்மெட், சாக்ஸ்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஈரமாக உள்ளே வரும். பூட்ஸின் உள்ளுறை காய ஓர் இரவு வேண்டும். காரில் விட்டுவிட்டால் காயாது, பிளாஸ்டிக்கும் குளிரில் விறைத்துப்போய் மறுநாள் காலையில் கால் உள்ளே நுழையாது. அதனால் பூட்ஸ் உலர்த்தி இருக்கிறதா, வாசலில் மாட்டும் கொக்கிகள் இருக்கின்றனவா, துணி உலர்த்தும் இயந்திரம் வீட்டுக்குள்ளா அல்லது எல்லோருக்கும் பொதுவா என்று கேளுங்கள். படங்களில் வரவேற்பறையைப் பத்துத் தடவை காட்டுவார்கள், வாசலை ஒரு தடவைகூடக் காட்டமாட்டார்கள். வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சமையலறை பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லே ஆர்க் என்ற பனிச்சறுக்குத் தளம் 1968இல் திறக்கப்பட்டது. அங்கே குடியிருப்புகளை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஷார்லட் பெரியாண்ட். மலைகள் என்றால் அவருக்கு உயிர், அவரே சறுக்குபவர். வீடுகள் மிகச் சிறியவை. ஆனாலும் சமையலறையைச் சுவர் வைத்து மறைக்காமல் கூடத்தோடு சேர்த்துத் திறந்து வைத்தார், சமைக்கிறவர் தனியாக ஒதுங்கிப்போகக் கூடாது என்று. நாள் முழுக்கச் சறுக்கிவிட்டு வந்தவர்களில் ஒருவரை மட்டும் சுவருக்கு அந்தப்பக்கம் நிறுத்துவது எவ்வளவு அநியாயம்! எத்தனை சதுர அடி என்பதைவிட, எல்லோரும் ஒரே மேசையில் உட்கார முடியுமா என்று பாருங்கள்.

‘எட்டுப் பேர் தூங்கலாம்’ என்றால் அதில் இரண்டு பேர் பெரும்பாலும் கூடத்துச் சோபா படுக்கையில். அங்கே குழந்தையைப் படுக்க வைத்தால் எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு மற்றவர்கள் எங்கே உட்காருவது? கதவு மூடுகிற அறைகளை மட்டும் எண்ணுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். உயரத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பிரெக்கன்ரிட்ஜ் ஊரே 2,900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கடல் மட்டத்தோடு பார்த்தால் அங்கே மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் ஏறக்குறைய 70 சதவீதம்தான். பகலில் எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பது தலைவலிக்கும் வாந்திக்கும் பெரிய காரணம். முடிந்தால் முதல் இரவை 1,600 மீட்டரில் இருக்கிற டென்வரில் கழித்துவிட்டு ஏறுங்கள். வீட்டில் ஈரப்பதமூட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள், அங்கே காற்று மிகவும் வறண்டது.

பணம் கட்டும் முன் சுத்தம் செய்யும் கட்டணம், வரி, கார் நிறுத்தும் கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையைப் பாருங்கள். பனிப்புயலில் சாலை மூடினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாள் காலையில் வீட்டைக் காலி செய்த பிறகு மதியம் வரை சறுக்க ஆசையாக இருக்கும், பைகளை வைக்க ஓர் இடமும் பூட்ஸைக் கழற்ற ஒரு பெஞ்சும் கிடைக்குமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.